காவல்துறையோடு தொடர்பில்லாத சாட்சி

"சம்பவ இடத்துக்குத் தற்செயலாக வந்தவர், காவல்துறையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத உள்ளூர்ப் பிரமுகர்."

சாட்சிக் கையெழுத்து வாங்கிப் போலீஸ் எழுதும் பறிமுதல் அறிக்கையான மகஜர், சில்வஸ்டரைப் பற்றி இப்படித்தான் சொல்கிறது. கோத்தகிரி போகும் சாலையில் அவருடைய டீக்கடைக்குத் தனியாகப் பின்சுவர் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனின் சுற்றுச்சுவர்தான். தினமும் இருபது டீ உள்ளே போகும். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, ஆட்டுக்கே மூச்சு வாங்கும் பாறையில், மூட்டுவலிக்காரரான அவர் தற்செயலாக நின்றிருந்தாராம். இதற்கு முன்பும் ஆறு வழக்குகளில் இப்படி நின்றிருக்கிறார்.

ஏழாவது வழக்கு சில்லறை அல்ல. குந்தாவில் ஒயரிங் வேலை பார்த்த ஜாபேஸ், ஒரு வியாழக்கிழமை மாலை அந்தப் பாறையில் டெட்டனேட்டர்ப் பையோடு பிடிபட்டதாகத் தீவிரவாத வழக்கு. இரண்டு வருடமாக ஜாமீன் இல்லை. பார்த்தேன் என்று சில்வஸ்டர் சொன்னால் ஆயுள் வரைக்கும் போகும்.

ஊட்டி கோர்ட் வராந்தாவில் ஏட்டு நல்லசாமி சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கச் சொன்னார். "ஏனுங்க, என்ன பை?"

"பச்சைப் பைங்க. டீயில சக்கரய மறந்தாலும் இத மறப்பனுங்களா?"

"மறந்தா அப்பறம் டீயே போட முடியாதுங்க. கடை யாரு சுவத்துல சாஞ்சிருக்குதுன்னு நெனப்பு இருக்கட்டும்."

கூண்டில் பச்சைப் பை பிசகாமல் வந்தது. அரசு வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். ஜாபேஸின் வக்கீல் கோகிலவாணி பையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"ஜாபேஸை முதல்முதலா எங்க பாத்தீங்க?"

பாடத்தில் இதற்கும் பதில் இருந்தது. சில்வஸ்டர் தலையைத் திருப்பினார். பின்வரிசையில் நல்லசாமி தொப்பியை மடியில் சுற்றிக்கொண்டிருந்தார். ஜாபேஸ் யாரையும் பார்க்கவில்லை; தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஸ்டேஷன்லங்க."

"என்னைக்கு?"

"செவ்வாக்கெழம காலைலங்க. ரெண்டு கையிலயும் விலங்கு. டம்ளர நாந்தான் புடிச்சுக் குடிக்க வெச்சேன்."

நீதிபதியின் பேனா நின்றது. "செவ்வாயா, வியாழனா?"

"செவ்வாயிங்க. வியாழன் சாயந்தரம் நான் கடைய உட்டு நகரலீங்க."

அரசு வக்கீல் துள்ளி எழுந்து, இவரைப் பிறழ்சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். பார்க்காததைப் பார்த்தேன் என்றவரை நல்ல சாட்சி ஆக்கி, பார்த்ததைச் சொன்ன நிமிடத்தில் பிறழ்ந்தவர் என்பது சட்டத்தின் வழக்கம்.

"அப்ப மகஜர்ல இருக்கறது உங்க கையெழுத்து இல்ல?" என்று அவரே கேட்டார்.

"என்னுதுதாங்க. வியாழக்கெழம கடைலயே வெறும் பேப்பர்ல போட்டேன்."

சில்வஸ்டர் செய்தது இவ்வளவு: செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் விலங்கு மாட்டியிருந்த ஒருவனுக்கு டீ கொடுத்தார், வியாழக்கிழமை வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டார், இரண்டையும் கோர்ட்டில் சொன்னார்.