மெட்டல் கச்சேரிக்கு மைக்செட் கட்டியவன்

மைக்செட் தொழிலுக்கு வருகிறவனுக்குக் காது மெதுவாகப் போகும், வாய் முதல் வருடமே போய்விடும். கோயில் திருவிழாவோ, மாதா தேர்பவனியோ, கட்சிக் கூட்டமோ, வாடகை கொடுத்தவர் பேசுவார், நாம் வயரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். வில்லியனூரில் நான் இப்படித்தான் காலம் தள்ளுகிறேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்து அவதிப்படும் அன்பர்களே, ஸ்பீக்கருக்குக் கீழேயே நிற்கிற என் அவதியையும் கொஞ்சம் கேளுங்கள்.

பம்புசெட்டில் பூதம்

கதிர், கரையாம்புத்தூர் கரும்பு விவசாயி ஒருவரின் மகன். ஹெவி மெட்டல் என்கிற மேல்நாட்டு அதிரடி இசை பாடுகிறவன். பாடுவது என்றால், அடிவயிற்றிலிருந்து உறுமுவது. அவனும் கூட்டாளிகளும் கரும்புக்கு நடுவே இருக்கிற பம்புசெட் கொட்டகையில்தான் பயிற்சி செய்வார்கள்.

நான் முதன்முதலில் ஸ்பீக்கர் கட்டிக் கொடுத்த அன்று, சோதனைக்காக ஒரு உறுமல் உறுமினான். அவன் அப்பா மண்வெட்டியோடு வரப்பில் விழுந்தடித்து ஓடி வந்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "மோட்டாரு காயிலு எரியுதுன்னு நான் ஓடியாறேன், நீ இன்னாடான்னா பாடறியா?"

இரண்டு கால் பிலோ

அந்தக் குழுவின் டிரம்மர் பிலோமினா. ஒதியம்பட்டுப் பக்கம் வீடு, பகலில் மருந்துக் கம்பெனியில் பாக்கிங் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சொந்தமாக டிரம் செட் வாங்கியவள். ஞாயிறு பூசை முடிந்ததும், முக்காடு போட்டிருந்த துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிடுவாள்.

எனக்குத் தவில், பேண்டு, பறை எல்லாம் பழக்கம்தான். ஆனால் இரண்டு காலும் இரண்டு பெடலில் தையல் மிஷின் மாதிரி ஓட, கைகள் தனியாக வேறு கணக்குப் போடுவதை அங்கேதான் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, மெய்சிலிர்த்துவிட்டது. மரியாதைக்காக அவள் முன்னால் ஒரு மைக்கை வைக்கப் போனேன். "வேணாம்ணே, பக்கத்து ஊருக்கும் சேத்துதான் அடிக்கிறேன்."

எண்பத்தெட்டு

ஒதியம்பட்டுக் கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கச்சேரி. காலையில்தான் முகூர்த்தம் முடிந்திருந்தது. மேடைக்குப் பின்னால் மணமக்கள் பெயர் தெர்மோகோலில் அப்படியே இருந்தது. பெருநகரத்திலிருந்து ஒரு பிரபல குழு வந்திருந்தது. அதன் பாடகருக்கு வெளிநாட்டு இசைக் கம்பெனிக்காரர்களோடு பழக்கம். கதிர் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வருடப் பம்புசெட் உழைப்பு அந்த ஒரு வாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பாடகரின் பனியனில் எண்பத்தெட்டு என்று போட்டிருந்தது. கிரிக்கெட் ஆடுவாரா என்று பிலோவைக் கேட்டேன். அது நாஜிகளுக்குச் சலாம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் ரகசியக் குறி என்றாள். இந்த இசைக்குள் இப்படியும் ஒரு கும்பல் ஒளிந்திருக்கிறதாம், இன்னார் இனம் சுத்தம், மற்றவர்கள் ஒழிய வேண்டும் என்றே பாட்டுக் கட்டுவார்களாம். பக்கத்தில் நின்ற கதிர் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் தெரியும் பிலோ. ஒரு சாய்ங்காலம் பல்லக் கடிச்சிக்க, ஆல்பம் வெளிய வந்துடும்."

நீட்டிய கை

இந்தக் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. டிரம் செட்டை எல்லோரும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய முடியாது. அதனால் உள்ளூர்க் குழுவின் செட்டில்தான் வெளியூர்க்காரர்களும் வாசிப்பார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் பிலோவின் செட்தான்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் பாடகர் வலது கையை விறைப்பாக முன்னால் நீட்டினார். மேடையில் ஒருவர் கை உயர்த்தினால் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார் என்றுதான் எங்கள் தொழிலில் அர்த்தம். நானும் கூட்டினேன். மண்டபமே அதிரும்படி அவர் பேச ஆரம்பித்தார். இந்த மண் சுத்த ரத்தக்காரர்களுக்கு மட்டும்தானாம், மற்றதெல்லாம் களையாம், பிடுங்கி எரித்துவிட வேண்டுமாம். முன்வரிசையில் சில பையன்களும் கையை நீட்டினார்கள். அது சத்தத்துக்கான கை இல்லை, நாஜி சலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற கதிர் முணுமுணுத்தான். "களையப் பத்தி பேசறான் பாருண்ணே, ஒரு நாளு குனிஞ்சி புடுங்கியிருப்பானா இவன்?"

கழன்ற செட்

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. பிலோ மேடை ஏறினாள். முகத்தில் கோபம்கூட இல்லை. ஓரத்திலிருந்த சிம்பல் தட்டின் திருகைக் கழற்றி, தட்டை எடுத்துத் துணியில் சுற்றினாள். பிறகு அடுத்த தட்டு. வெளியூர் டிரம்மர் அடிப்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடித் தேடி அடித்தான். தாளத்தைத் தாங்குகிற ஸ்நேர் டிரம்மையும் அவள் தூக்கிக்கொண்டதும் பாட்டு நொண்டி அடித்து நின்றுபோனது.

பாடகர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். இந்தத் தடவை நான் குறைத்தேன். மைக் இல்லாமலேயே அவர் அவளிடம் கத்தினார். உங்கள் ஆல்பம் இனிமேல் எங்கேயும் வெளிவராது, தெரியுமா என்றார். பிலோ அவருக்குப் பதிலாக டிரம்மரைப் பார்த்துச் சொன்னாள். "தெரியும். நீ கால எடுப்பா, பெடலு என்னுது."

வருத்தம்

சொன்னபடியே ஆல்பம் வரவில்லை. கதிர் கொஞ்ச நாள் கரும்பு வேலையோடு இருந்துவிட்டான். பிறகு ஒருநாள் ஸ்பீக்கர் வேண்டும் என்று கூப்பிட்டான். போனால், கொட்டகையில் பிலோவின் செட்டை அவனே துடைத்துப் பொருத்திக்கொண்டிருந்தான். வருத்தமாடா என்று கேட்டேன். "வருத்தம் இல்லாம இருக்குமாண்ணே? ஆனா அவன் தயவுல பாட்டு வெளிய வந்திருந்தா, பிலோ மூஞ்சிய நான் எப்டி பாக்கறது?"

வெறுப்பை இத்தனை சத்தமாகப் பேசுகிறார்களே என்று மிரண்டுவிடாதீர்கள் அன்பர்களே, அவர்கள் அடிக்கிற டிரம் பெரும்பாலும் இரவல்தான்.