மூன்று மாத நூலகம்

நூலக அறிவியலில் பட்டம் வாங்கி நாலு வருஷம் ஆகியும் நான் ஒரு புத்தகத்துக்குக்கூட நிஜமாக எண் போட்டதில்லை. தொலைதூரக் கல்வியில் படித்தவள் நான். சனி, ஞாயிறுகளில் வேலூருக்குப் பஸ் ஏறிப் போய் வகுப்பில் உட்கார்ந்ததும், செய்முறைத் தேர்வில் கொடுத்த பத்துத் தலைப்புப் பக்கங்களுக்குக் கார்டு எழுதியதும்தான் எனக்குத் தெரிந்த நூலகப் பணி. அப்புறம் கல்யாணம், குழந்தை, வேங்கிக்காலில் புது வீடு. சான்றிதழ் பீரோவுக்குள் போய்விட்டது.

அந்த வகுப்புகளுக்கு என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவள்தான் என் தோழி. அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம். எந்தப் புத்தகம் எந்தத் துறை என்று காட்டும் பகுப்பு எண் என்றாலே அவளுக்கு உதறல். போகிற வழியெல்லாம் நான் சொல்லிக் கொடுப்பேன், அவள் இரண்டு பேருக்கும் சேர்த்து இட்லி கட்டிக்கொண்டு வருவாள். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூடவே இருந்தவள். படிப்பு முடிந்ததும் ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு பி.எட். கல்லூரியில் அவளுக்கு அலுவலக வேலை கிடைத்தது. ஒரு நாள் அங்கிருந்து போன் செய்தாள்.

"எங்க காலேஜுக்கு லைப்ரரியன் வேணுமாம்டி. உன்னத்தான் சொல்லியிருக்கேன். புக்குங்க வந்து எறங்கிக் கெடக்குது, நம்பர் போட ஆள் இல்ல. ஒரு தடவ வந்து பாரு, அப்புறம் நீயே விடமாட்ட."

அவள் சொன்னது சரிதான். புது இரும்பு அலமாரிகள் காலியாக நிற்க, தரையெல்லாம் அட்டைப்பெட்டிகள். ஒன்றைப் பிரித்து முதல் புத்தகத்தைக் கையில் எடுத்ததுமே வேலையை ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். முதல்வர் அம்மா, "மூணு மாசத்துல காலேஜ் அனுமதிக்காக ஆய்வுக் குழு வருதும்மா. அதுக்குள்ள எல்லாம் அடுக்கி, லிஸ்ட் போட்டு, கம்ப்யூட்டர்ல ஏத்திடணும்" என்றார். சரிங்க மேடம் என்றேன்.

முதல் வாரத்திலேயே நான் படித்தது போதாது என்று தெரிந்துபோயிற்று. தேர்வில் தலைப்பைப் பார்த்தால் எண் வந்துவிடும். இங்கே தலைப்புகள் என்னை ஏமாற்றின. 'விளையாட்டு' என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு புத்தகத்தை விளையாட்டுத் துறையில் வைத்துவிட்டு, மறுநாள் ஏதோ சந்தேகத்தில் புரட்டினால், உள்ளே முழுக்க மூன்றாம் வகுப்புக் கணக்கு. அன்றிலிருந்து பொருளடக்கமும் முன்னுரையும் படிக்காமல் எதற்கும் எண் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதனால் ஒரு நாளைக்கு நாற்பது புத்தகம் முடிக்க வேண்டிய இடத்தில் பதினைந்துதான் முடிந்தது.

நம்மவர்கள் பெயர் இன்னொரு தலைவலி. ஒரே ஆசிரியர் ஒரு புத்தகத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு வருவார். இன்னொன்றில் ஊர்ப் பெயரும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவதில் மனைவி பெயரைப் புனைபெயராக வைத்திருப்பார். மூன்று பேர் என்று நினைத்து மூன்று இடத்தில் பதிந்து வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் பின்னட்டைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, முடி மட்டும்தான் கம்மியாகிக்கொண்டே வந்திருந்தது. முகம் ஒன்றுதான். தனியறையில் சத்தமாகச் சிரித்தேன். மூன்றையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்து, மற்ற பெயர்களில் தேடுகிறவர்களை அங்கே திருப்பிவிடக் குறிப்பும் போட்டேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? சாப்பாட்டு வேளையில் தோழியிடம்தான் சொன்னேன். "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்து வறுவலை எடுத்து என் சாதத்தில் வைத்தாள்.

புத்தகங்கள் புதியவை அல்ல. முதுகுப்பக்கத்தில் பழைய லேபிளைப் பிய்த்த பசைத் தடமும், தலைப்புப் பக்கத்தில் ஒட்டிய வெள்ளைத்தாள் துண்டும் இருந்தன. பழைய புத்தகமாக வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் கைதவறி ஒன்று கீழே விழுந்து முப்பத்தேழாம் பக்கத்தில் விரிந்தது. அங்கே ஊதா மையில் ஒரு முத்திரை. வேறு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பெயர். நூலகங்களில் தலைப்புப் பக்கத்தில் முத்திரை குத்துவதோடு, உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தை ரகசியமாகத் தேர்ந்தெடுத்து அதிலும் குத்துவார்கள். தலைப்புப் பக்கத்தை யாராவது கிழித்தாலும் புத்தகம் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. இன்னும் பத்துப் புத்தகத்தை எடுத்து முப்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்தேன். பத்திலும் இருந்தது.

தோழியிடம் கேட்டேன். அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"அது நம்ம தாளாளர் சாருக்குத் தெரிஞ்சவங்க காலேஜ்டி. அவங்க நமக்குக் குடுத்துட்டாங்க. டொனேஷன். உள்ள இருக்கற முத்திரை மேலயும் வெள்ளப் பேப்பர் ஒட்டிடச் சொல்லி மேடம் சொன்னாங்க. நான்தான் உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

நன்கொடை என்றால் முத்திரையை மறைப்பானேன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சொன்னது அவள். உட்கார்ந்து ஒவ்வொரு முத்திரையின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டினேன். அந்த வேலையையும் நேர்த்தியாகத்தான் செய்தேன்.

ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு மாணவி வந்து வாசலில் நின்றாள். நூலகத்தைத் தேடி வந்த முதல் ஆள் அவள்தான். பயிற்சிக்காக ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் கிளாஸ்ல ஒரு பாப்பாவுக்குக் காது சரியா கேக்காது. மிஷின் மாட்டியிருக்குது, ஆனா நான் சொல்றது போய்ச் சேரவே மாட்டுது. அந்த மாதிரி பசங்களுக்கு எப்படி நடத்தறதுனு ஏதாவது புக் இருக்குங்களா?"

இருந்தது. தலைப்பில் செவி என்ற சொல்லைப் பார்த்து முதலில் அதை மருத்துவத்தில், 617.8இல் வைத்திருந்தேன். பொருளடக்கத்தைப் படித்தபோதுதான் அது வைத்தியம் பற்றியதல்ல என்று புரிந்தது. குழந்தையை எந்த வரிசையில் உட்கார வைப்பது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏன் பேசக் கூடாது, உதடு தெரிகிற மாதிரி எங்கே நிற்பது என்று ஆசிரியர்களுக்கு எழுதியது. அதைக் கல்விக்கு மாற்றி 371.912 கொடுத்திருந்தேன். கணினியில் இரண்டு சொல் தட்டினேன், எண் வந்தது, நேராக அலமாரிக்குப் போய்க் கையை நீட்டினேன், புத்தகம் அங்கே இருந்தது. மூன்று மாதமாக நான் செய்ததெல்லாம் இதற்குத்தானா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பெண் நின்றபடியே நாலைந்து பக்கம் படித்துவிட்டாள்.

ஆனால் குழு வந்துபோகும்வரை ஒரு புத்தகமும் வெளியே போகக் கூடாது என்பது முதல்வரின் கண்டிப்பான உத்தரவு. "ஆய்வு வியாழக்கிழமை முடிஞ்சுடும். அதுக்கடுத்த திங்கக்கிழமை வா, மொதல் ஆளா உன் பேர்ல எழுதித் தரேன்" என்றேன்.

"கண்டிப்பாங்களா மேடம்?"

"கண்டிப்பா."

வியாழக்கிழமை குழு வந்தது. அதில் ஒருவர் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை. அலமாரியிலிருந்து ஒன்றை உருவி, "இது ஏன் உளவியல்ல இல்லாம இங்க இருக்கு?" என்று கேட்டார். ஏன் என்று சொன்னேன். இன்னொன்றை உருவினார். அதற்கும் சொன்னேன். போகும்போது முதல்வரைப் பார்த்து, "இந்த மாதிரி ஒழுங்கான லைப்ரரி பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார். முதல்வர் என் தோளைத் தட்டினார். தோழி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவின் கார் கிளம்பியதும் என்னிடம் வந்து, "வெள்ளி, சனி லீவு எடுத்துக்கோடி. பௌர்ணமி வேற வருது, மலை சுத்திட்டு வா. ரொம்ப ஒழச்சுட்ட" என்றாள்.

சனிக்கிழமை வீட்டுக்காரரோடும் குழந்தையோடும் கிரிவலம் போனேன். நல்ல வேலை கொடுத்தாயே என்று அண்ணாமலையாரிடம் நன்றியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். "நாளைக்கும் வராதடி, கால் வலிக்கும். மேடம்கிட்ட நான் சொல்லிக்கறேன்." சரி என்றுதான் சொன்னேன். அப்புறம் அந்த மாணவியின் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை காலை வழக்கமான பஸ்ஸையே பிடித்தேன்.

நூலகத்தின் வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பாதி அலமாரிகள் காலி. நடுவில் ஒரு நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்து, தாள்கட்டு ஒன்றில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். நான் தயாரித்த பட்டியல் அது. பக்கத்தில் என் தோழி நின்று ஒவ்வொரு எண்ணாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்தினாள். அந்த மனிதர்தான் ஆரம்பித்தார். புத்தகங்கள் வந்த கல்லூரியின் நூலகராம் அவர். "நீங்கதானாம்மா இத செஞ்சது? ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. சனிக்கிழமையே வந்திருக்கணும், பௌர்ணமிக் கூட்டத்துல லாரிய ஊருக்குள்ள விடல. உங்க லிஸ்ட் இருக்கறதால சரிபார்க்கறது சுலபமா போச்சு."

"சரிபார்க்கறதா? நன்கொடைனு சொன்னாங்களே."

அவர் என் தோழியைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டார். "ஆய்வுக்காகக் குடுத்ததும்மா" என்றார் தணிந்த குரலில்.

செவி பற்றிய அந்தப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து, இது ஒன்றை மட்டும் ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள், ஒரு பெண் கேட்டிருக்கிறாள், நானே தபாலில் அனுப்புகிறேன் என்றேன். வாங்கிப் புரட்டினார். "நாங்க இத மருத்துவத்துல போட்டு வச்சிருந்தோம். யாரும் எடுத்ததே இல்ல. நீங்க போட்ட எடம்தான் சரி" என்றார். ஆனால் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. "ஒண்ணு கொறஞ்சாலும் என் தலைதாம்மா உருளும்." பெட்டியில் வைத்தார். டிக் அடித்தார்.

தோழியை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

அவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள். "சொல்லியிருந்தா நீ இவ்ளோ நல்லா செஞ்சிருப்பியா? வர்றவங்க கேள்வி கேப்பாங்கனு தெரியும். நெசம்னு நம்பற ஆள்தான் அவங்களுக்குப் பதில் சொல்ல முடியும். மேடம் வேற யாரையோ போடலாம்னாங்க. நான்தான் நீ இருந்தா சரியா வரும்னு சொன்னேன்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து என்னை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள். புத்தகம் என்றால் நான் எப்படி விழுந்து விழுந்து வேலை செய்வேன் என்று வேறு யாருக்கும் தெரியாது. அதைத்தான் எடுத்து அவர்களிடம் கொடுத்திருக்கிறாள். வெள்ளைத்தாள் ஒட்டும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நினைத்து என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பதினொரு மணிக்கு அந்த மாணவி வந்தாள். கையில் ஒரு புது நோட்டு. லாரி அப்போது பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தது. திறந்து கிடந்த கதவு வழியாக அவள் காலி அலமாரிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். முதல்வர் எதிர் அறை வாசலில் நின்றிருந்தார்.

"எல்லாம் பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா. வந்ததும் சொல்றேன்."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் நூலகப் பக்கமே வரவில்லை. அந்த மாதக் கடைசியில் நான் வேலையை விட்டேன். கல்லூரிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

தோழி நிறைய தடவை போன் செய்தாள். என் குழந்தையின் பிறந்த நாளுக்கு ஒரு கவுன் வாங்கி யாரிடமோ கொடுத்தனுப்பினாள். எடுத்து வைத்தேன், போட்டுவிடவில்லை. குழந்தை வளர்ந்து அது சின்னதாகிவிட்டது.

இப்போது ஒரு தனியார் பள்ளியில் நூலகராக இருக்கிறேன். சின்ன நூலகம்தான், ஆனால் புத்தகங்கள் பள்ளிக்குச் சொந்தமானவை. சேர்ந்த அன்றைக்கே ஒவ்வொன்றிலும் முத்திரையைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் அந்த மாணவியைப் பார்த்தேன். அவளே வந்து பேசினாள். ஏதோ ஒரு பள்ளியில் டீச்சராகிவிட்டாளாம். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"தெரியும் மேடம். எங்க சீனியருங்க மொதல் நாளே சொல்லியிருந்தாங்க. போன தடவ குழு வந்தப்பயும் புக்கெல்லாம் இப்படித்தான் வந்து போச்சாம். காலேஜ்ல எல்லாருக்கும் தெரியும்."

நான் ஒருத்திதான் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"அப்புறம் ஏம்மா அந்தத் திங்கக்கிழமை வந்த?"

"நீங்க வேற மாதிரி இருந்தீங்க. கண்டிப்பா தரேன்னீங்க. அதனால ஒருவேள தருவீங்களோனு வந்தேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "லாரியில போயிடுச்சுனு சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது மேடம். பைண்டிங்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் ரொம்ப நாளைக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள்.

அந்தப் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பயிற்சி முடிந்ததும் அந்தப் பள்ளிக்குப் போகவே இல்லை, தெரியாது என்றாள். செங்கம் பஸ் வந்தது. கைப்பையை இடுக்கிக்கொண்டு கூட்டத்தோடு ஏறினாள்.