மாடு மோதியிருக்கலாம்

யோங் பெங் ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் கமலநாதனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் பெருமூச்சு வரும், அப்புறம்தான் பாராட்டு வரும். மனிதர் அப்படிப்பட்ட தொல்லை. வயது ஐம்பத்தேழு. லாரி உதிரிபாகக் கடையில் ஸ்டோர் கீப்பர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதே அபூர்வம். ஆனால் அறுபதுகளில் ஓடிய ஒரு காரை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் போதும். குனிந்து, நிமிர்ந்து, கதவைத் திறந்து மூடி, இது எந்த வருஷத்து உடம்பு, எந்த வருஷத்து எஞ்சின், எந்தக் காரிலிருந்து கழற்றிய கதவு என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். ஆசை ஆசையாக வாங்கிவந்த கார் பாதிக்குப் பாதி ஒட்டுப்போட்டது என்று பத்துப் பேர் நடுவில் தெரிந்தால் யாருக்குத்தான் முகம் சுருங்காது?

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் திடலில் அவர்கள் கூடுவார்கள். இருபது கார் வரும், சில மாதம் முப்பதுகூட வரும். ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியிலும் ஓர் அட்டை இருக்கும். அதை ஜாதகம் என்றுதான் சொல்வார்கள். பிறந்த வருஷம், முதல் நம்பர், காரின் எலும்புக்கூட்டில் பொறித்திருக்கும் சேசி எண், சொந்தக்காரர்களின் வரிசை, கடைசியில் 'காயங்கள்' என்று ஒரு கட்டம். கார் எங்கெங்கே அடிபட்டது, யார் சரிசெய்தார்கள் என்பதெல்லாம் அதில் வந்தாக வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு காரின் ஜாதகத்தை, கடைசியாகச் சேர்ந்த உறுப்பினர் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். எழுதுவது மட்டும் எப்போதும் கமலநாதன்தான்.

ரேமண்ட் என்றொருவர், தன் மாரிஸ் மைனர் ஓர் எஸ்டேட் துரை ஓட்டிய கார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கமலநாதன் தோண்டித் துருவி விசாரித்ததில், அது குளுவாங்கில் கோழி ஏற்றிப்போன கார் என்று தெரிந்தது.

"துரைன்னு போட்டா என்னலா குறைஞ்சி போச்சு?" என்று ரேமண்ட் கெஞ்சினார்.

"ஜாதகத்துல பொய் எழுத முடியாது. கோழிதாங்க."

கோழி என்றே எழுதினார். ரேமண்ட் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து ஒட்டிக்கொண்டார், இன்றைக்கும் கமலநாதனுக்கு நண்பர் என்று இருப்பது அவர் ஒருத்தர்தான்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கமலநாதன் ஒரே ஒரு புத்திமதி சொல்வார். "நம்பர் பிளேட்ட நம்பாதீங்க. நம்பர்ங்கிறது சட்டை மாதிரி, கழட்டி இன்னொரு காருக்கு மாட்டிடலாம். சேசி எண்ண மட்டும் பாருங்க." இந்த நாட்டில் அது உண்மைதான். பிடித்த நம்பரை விட மனசில்லாதவர்கள் பழைய காரிலிருந்து அதைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்வார்கள், பழைய காருக்கு வேறு ஏதோ ஒரு நம்பர் கிடைக்கும்.

இவ்வளவும் பேசுகிற மனிதரின் சொந்தக் கார் ஜாதகத்தில்தான் ஓட்டை. அறுபத்தாறாம் வருஷத்து பெஜோ 404, தந்த நிறம். தொண்ணூற்றொன்பதில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையிலிருந்து, டயர்கூட இல்லாமல் இழுத்து வந்தது. 1982க்குப் பிறகு உள்ள விவரமெல்லாம் இருந்தது. அதற்கு முந்தைய தாள் எதுவும் கூட வரவில்லை. யாரோ அதன் நம்பரைக் கழற்றிக்கொண்டு விற்றிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. முதல் நம்பர்: தெரியவில்லை. முதல் சொந்தக்காரர்: தெரியவில்லை. கோழிக்குப் பழி வாங்க ரேமண்டுக்கு இது போதாதா?

"ஊரான் காருக்கெல்லாம் ஜாதகம் கணிக்கிறாரு, சொந்தக் கார் எங்க பொறந்துச்சு எங்க வளந்துச்சுன்னு தெரியல பாருங்க!"

காயங்கள் கட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காரின் சாயத்தைச் சுரண்டியபோது இடது பக்க முன் மட்காட்டிலிருந்து பூசி மறைத்த பட்டி கட்டி கட்டியாக உதிர்ந்தது. உள்ளே தகடு நெளிந்து கிடந்தது. கமலநாதன் வேலை முடிந்து வந்து, மூன்று வாரம், தினமும் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார். எதை மோதியிருப்பார்கள் என்று ரேமண்ட் கேட்டதற்கு, என்றைக்கும் இல்லாத திருநாளாக அவரும் தமாஷாகப் பதில் சொன்னார். "மாடா இருக்கும்." அட்டையிலும் 'மாடு மோதியிருக்கலாம்' என்றே எழுதிவிட்டார். அந்த ஜாதகம் வாசிக்கப்படும்போதெல்லாம் அந்த வரி வந்ததும் ரேமண்ட் "ம்மா" என்று கத்துவார். கூட்டமே சிரிக்கும்.

கமலநாதனுக்குக் கார் பைத்தியம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பைத்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் ஒரு நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். ஜே.ஏ. 6083.

1976 நவம்பர். அப்போது அவருக்கு எட்டு வயது. ரப்பர் மரம் சீவிய அவருடைய அப்பா சின்னத்தம்பி, பள்ளி திறக்கப்போகிறதே என்று மகனின் காலுக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கிக்கொடுத்து, சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துத் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது, இருட்டத் தொடங்கியிருந்தது. பின்னால் வந்த கார் இடித்ததில் பையன் சாலையோரக் கால்வாயில் விழுந்தான். தலையைத் தூக்கியபோது மழையில் காரின் நிறமும் தெரியவில்லை, உருவமும் தெரியவில்லை. நம்பர் பிளேட்டுக்கு மேல் எரிந்த சின்ன விளக்கின் வெளிச்சத்தில் எழுத்து மட்டும் தெரிந்தது. அந்தக் கார் உடனே ஓடிவிடவில்லை. எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கிறவரை நின்றது. யாரும் இறங்கவில்லை. அப்புறம் போய்விட்டது.

பையன் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த பிறகு திறந்தான். நம்பரை மட்டும் சொன்னான். புள்ள பயந்துபோய் உளறுது என்று மாமா ஒருவர் திருநீறு பூசிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அவன் அம்மா அங்கம்மாதான் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நம்பர மறந்துறாதடா" என்றாள்.

மறக்கவில்லை. அழவும் இல்லை. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி உள்ளே ஏதோ மரத்துப்போனது, எழுந்து நடந்தும் சரியாகவில்லை. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, அங்கம்மாவும் போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைத்தபோதுகூடக் கண் நனையவில்லை. ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. அந்தக் காரை என்றைக்காவது கண்டுபிடித்து, அதன் மேல் கையை வைத்தால், தேங்கிக் கிடக்கும் அழுகை எல்லாம் வந்துவிடும் என்று கமலநாதன் நம்பியிருந்தார். அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். பழைய கார்க்காரர்களோடு சேர்ந்ததும் அதற்காகத்தான்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் டெஸ்மண்ட், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர், குழுவுக்குப் புதுசு. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பென்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறாராம், கமலநாதன் அண்ணன் ஜாதகம் எழுதித் தரவேண்டுமாம். நம்பர் பிளேட்டில் ஜே.ஏ. 6083.

கமலநாதனின் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. இன்னொரு கவளம் சாப்பிட்டார். பிறகு இடது கையால் டெஸ்மண்டைக் கூப்பிட்டார்.

"இந்த நம்பர் யாரோடது?"

"பத்து பஹாட்ல தையல் மெஷின் கடை வச்சிருந்த ஒரு பெரியவரோடதுண்ணே. அவரு தொண்ணூத்தி நாலுலயே செத்துட்டாரு. இப்ப மகன்தான் வித்தாரு. அலமாக்! ராசியான நம்பராம்ணே! பெரியவரு பழைய கார விக்கும்போது நம்பர மட்டும் விடலையாம். கழட்டி இந்தப் பென்ஸுக்கு மாத்திக்கிட்டாராம்."

"எப்ப மாத்துனாரு?"

"எம்பத்திரெண்டுல. பழைய தாளெல்லாம் பத்திரமா இருக்குண்ணே. ஜாதகத்துக்கு வேணும்ல, அனுப்பி வைக்கிறேன்."

தாளின் படம் வந்தது. ஜே.ஏ. 6083, அறுபத்தாறிலிருந்து எண்பத்திரண்டு வரை ஒரே சொந்தக்காரர். வண்டி, பெஜோ 404. கீழே சேசி எண். அதற்கும் கீழே, நம்பரைக் கழற்றிய பிறகு அந்தப் பழைய காருக்குக் கிடைத்த புது நம்பர். கமலநாதன் எழுந்துபோய் ஒத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அந்தச் சேசி எண்ணைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் துரு எடுத்து வெளியே கொண்டுவந்தவரே அவர்தான். அந்தப் புது நம்பர் இருபத்தைந்து வருஷமாக அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

ஊருக்கெல்லாம் சட்டையை நம்பாதே என்று சொன்ன மனிதர், நாற்பத்தெட்டு வருஷம் சட்டையைத் தேடித்தான் அலைந்திருக்கிறார்.

"என்னங்க, சோறு ஆறுது," என்றாள் மனைவி செல்வராணி.

"அந்த நம்பரு கிடைச்சிருச்சு."

அவளுக்கு எந்த நம்பர் என்று சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கார் எங்க இருக்கு?"

"வாசல்ல."

அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். இடது பக்க மட்காட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் தகடு சுட்டது. இந்தக் காரில்தான் கடைசி மூன்று வருஷம் அங்கம்மாவை ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போனார். இடது பக்க முன் சீட்டில்தான் அவள் உட்காருவாள். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இதே மட்காட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தது அவள் கைதான். கமலநாதன் காத்துக்கொண்டு நின்றார். ஒன்றுமே வரவில்லை. கை சுட்டது, எடுத்துக்கொண்டார். நாற்பத்தெட்டு வருஷமாக நம்பியிருந்தது அவ்வளவுதானா என்று நினைத்தபோது அவருக்குப் பயமாகக்கூட இல்லை, அதுதான் கொடுமை.

"வித்துருங்க. இல்லன்னா கொளுத்துங்க. என் கண்ணு முன்னால நிக்கக்கூடாது," என்றாள் செல்வராணி.

"வித்தா வாங்குறவனுக்கு ஜாதகம் எழுதிக் குடுக்கணுமே."

"உங்களுக்குக் கல்லா மனசு? கொஞ்சம் அழுதாத்தான் என்ன?"

"வரமாட்டேங்குது செல்வி," என்றார்.

மறுநாள் வேலைக்குப் போனார். பிரேக் பேடுகளை எண்ணி அடுக்கினார். காரின் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடியதோடு சரி, அந்தப் பக்கம் போகவில்லை. டெஸ்மண்டின் பென்ஸுக்கு ஜாதகம் எழுதினார். 'எண், 1982இல் ஒரு பெஜோ 404இலிருந்து மாற்றப்பட்டது' என்று ஒரு வரி. அதில் எந்தப் பொய்யும் இல்லை. அதை எழுதி முடித்த பிறகுதான் தன் காரின் அட்டையை எடுத்தார். தெரியவில்லை என்று இருந்த இடத்தில் நம்பரையும் சொந்தக்காரர் பெயரையும் நிரப்பினார். காயங்கள் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார்.

மார்ச் முதல் ஞாயிறு, தார்ப்பாயை எடுத்துவிட்டுக் காரைத் திடலுக்கு ஓட்டிப்போனார். "இன்னிக்கி எங்காரோட ஜாதகத்த வாசிங்க," என்றார். தானாக வந்து கேட்கிற ஆள் இல்லையே என்று எல்லாருக்கும் ஆச்சரியம். புது உறுப்பினர் டெஸ்மண்ட் அட்டையை வாங்கிக்கொண்டார்.

"பிறந்த வருஷம், 1966. முதல் நம்பர், ஜே.ஏ..." டெஸ்மண்ட் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே! இது என் பென்ஸ் நம்பராச்சே! அப்ப உங்க கார்தானா அது?"

கூட்டத்தில் ஒரே கைதட்டல். பழைய கார்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய திருவிழா கிடையாது, பிரிந்துபோன காரும் நம்பரும் ஒரே திடலில். இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று நாலைந்து பேர் கிளம்பிவிட்டார்கள். "முழுசா வாசிக்கட்டும்லா, இருங்க," என்று ரேமண்ட் அதட்டினார். சொந்தக்காரர் வரிசை முடிந்தது.

"காயங்கள். இடது முன் மட்காட்..."

"ம்மா!" என்றார் ரேமண்ட், வழக்கம்போல. எல்லாரும் சிரித்தார்கள்.

டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார். "மாடுன்னு எழுதியிருந்தத அடிச்சிட்டு வேற எழுதியிருக்காரு. சின்னத்தம்பி, நவம்பர் 1976. யாருண்ணே சின்னத்தம்பி? மாட்டுக்காரரா?"

"எங்கப்பா," என்றார் கமலநாதன்.

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. ஒருவர் ஏந்திப் பிடித்த கைப்பேசியை மெல்ல இறக்கினார். ரேமண்ட் மட்காட்டைப் பார்த்தார், கமலநாதனைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாகத் தான் கத்திய கத்தல் அத்தனையும் காதில் விழுந்ததுபோல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே, புழுதியில், குந்திவிட்டார். அறுபது வயது மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கமலநாதன் பக்கத்தில் போய்க் குந்தி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "பரவால்ல, விடுங்க," என்றார். "மாடுன்னு எழுதுனது நான்தானே."