எங்களுக்கென்று ஒரு நீதிபதி

சல்லி என்ற எங்கள் கடற்கரை ஊரில் என் கணவரின் குடும்பம் பரம்பரையாகக் கரைவலை இழுத்த கரையை ஒரு ஹோட்டல்காரன் கம்பி போட்டு அடைத்தான். அப்போதைய அமைச்சர் ஒருவரின் மச்சான் என்றபடியால், எங்கள் முறைப்பாட்டை எழுதவே பொலிசுக்குப் பஞ்சி, மனமே வரவில்லை. வழக்குப் போட்டோம். கணவர் பக்கத்துக் கரையில் வேறொருவரின் வலைக்குக் கூலியாகப் போனார்.

நீதிபதி நேர்மையான மனுஷன். கம்பி வேலியைத் தன் கண்ணாலேயே பார்க்க வந்தார். அந்த நேரம் பக்கத்துக் கரையில் மீனோடு வலை ஏறிக்கொண்டிருந்தது. வலை ஏறும்போது கரையில் நிற்கிற எவரையும் கறிக்கு மீன் கொடுக்காமல் நாங்கள் அனுப்புவதில்லை, சண்டைக்காரனாக இருந்தாலும் சரி. என் கணவர், புத்தி கெட்ட மனுஷன், தன் பங்கில் இரண்டு பாரையைப் பையில் போட்டு நீதிபதியின் சாரதியிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் அதைக் கண்ட நீதிபதி அன்றே திருப்பி அனுப்பினார். அடுத்த தவணையில் நீதிமன்றத்தில் எல்லோர் முன்னாலும் எங்களை ஏசினார். அந்த ஏச்சு எங்களுக்கு வேண்டியதுதான்.

ஆனால் அதற்குள் லஞ்சம் என்று மேலிடத்துக்குப் பெட்டிசம் போய்விட்டது. தீர்ப்புக்கு இரண்டு கிழமை இருக்க, அவரைத் தூர ஊருக்கு மாற்றினார்கள். இரண்டு மீனுக்காகவாம்! விசர்க் கதை. அவர் வேலியைப் பிடுங்கச் சொல்லிவிடுவார் என்று அமைச்சர் பக்கத்துக்குப் பயம். புதிதாக வந்தவர் வழக்கை முதலிலிருந்து தொடங்கினார்.

பிறகு ஆட்சி மாறியது. வெடி கொளுத்தியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு மாதம் போகவில்லை, புது ஆட்சிக் கட்சியின் அமைப்பாளர் வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"அக்கா, இனி யோசிக்காதேங்கோ. இப்ப இருக்கிற நீதிபதியை மாத்தி எங்கட ஆள் ஒருத்தரைப் போடுவிப்பம். தீர்ப்பு உங்கட பக்கம்தான்."

எனக்கு உச்சிவரை கொதித்தது.

"அவங்கள் செய்ததும் இதைத்தானே தம்பி? நாளைக்கு நீங்கள் தோத்தால், வாறவன் உங்கட ஆளையும் தூக்குவான். எங்களுக்கு ஒருத்தரிட ஆளும் வேண்டாம். நீங்கள் ஒருத்தரும் அசைக்க ஏலாத ஒரு மனுசன் அந்தக் கதிரையில இருந்தால் அதுவே காணும். எழும்புங்கோ!"

அவர் எழும்பினார். கணவர் வாசல்வரை கூடவே போனார். மரியாதைக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, மனுசி கோவத்தில கதைக்கிறா," என்றார் மெதுவாக. "உங்கட ஆள் எப்ப வருவார்?"

ஏச வாய் திறந்தேன். ஏசவில்லை. வெட்கம் கெட்டவள், அந்தப் பதிலுக்கு நானும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.