ஒரு பக்கம் போதாத வார்த்தை

விராலிமலைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் புது மெஷின் மாட்ட ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான ஆள், சாயங்காலம்வரை கசங்காத சட்டை. எங்கள் தமிழ்ப் பேச்சுக்கு நடுவே காதில் விழும் இங்கிலீஷ் வார்த்தையை எல்லாம் சின்ன நோட்டில் எழுதி அர்த்தம் கேட்பார். 'அட்ஜஸ்ட்' என்ற வார்த்தைக்கு மட்டும் ஒரு பக்கம் போதவில்லை. பஸ்ஸில் இருவர் சீட்டில் மூவர் உட்கார்ந்தாலும் அட்ஜஸ்ட், கேன்டீன் சாம்பாரில் உப்பில்லாவிட்டாலும் அட்ஜஸ்ட்.

ஒருநாள் அவர் இருக்கும்போதே மேனேஜரிடம் போய், "சார், லேடீஸ் பாத்ரூம்ல தாழ்ப்பா கழண்டு விழுந்து நாலு மாசமாச்சுங்க," என்றேன்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா. வெளிய ஒரு ஆள நிக்க வச்சுக்கிட்டுப் போங்க," என்று இளித்தார்.

ஜப்பான்காரர் நோட்டைத் திறந்து, "இதில் என்ன அர்த்தம்?" என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். விஷயத்தைச் சொல்லவே கூசியது. சொல்லிவிட்டு, "சகித்துக்கொள்வது," என்றேன்.

அவர் அதை எழுதவில்லை. ஸ்குரூ டிரைவரோடு வந்து, என்னைக் கதவருகே நிற்கச் சொல்லி, பத்து நிமிடத்தில் தாழ்ப்பாளை மாட்டினார். "அட்ஜஸ்ட்," என்றார்.

மேனேஜர் கைதட்டி, அவரோடு செல்ஃபி வேறு எடுத்துக்கொண்டார். அந்த இளிப்பைப் பார்க்கவே குமட்டியது. நாலு மாதம் மாற்றி மாற்றி அந்தக் கதவுக்குக் காவல் நின்றோமே, எங்களை நினைத்தால் அதைவிடக் குமட்டுகிறது. எட்டு மணி நேரமும் ஸ்குரூ முடுக்குவதுதான் எங்கள் வேலை.