பாறைக்காட்டுக் கிணறு

வீட்டுக் கதவை நிலையோடு பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த கோலத்தில்தான் அப்பா என் நினைவில் முதலில் வருகிறார். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. காவிரிக்கரையில் இருந்த எங்கள் ஊர் தண்ணீருக்குள் போகப்போகிறது என்றார்கள். மற்றவர்கள் உறவுக்காரர்களைத் தேடிப் போனபோது, அப்பா மேச்சேரிக்கு அப்பால், ஆளரவமற்ற கள்ளிக்காட்டுக்கு வண்டியை ஓட்டினார். எங்கள் வயலில் வேலை செய்த சேரிக் குடும்பங்கள் சிலவும் கூட வந்தன. ஆற்றோரம் பிறந்த எங்களுக்கு அங்கே குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து பாறையை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். ஊற்று கண் திறந்த அன்று அப்பாவும் அவர்களும் சேறு அப்பிய உடம்போடு கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தண்ணீர் வந்ததும் குடிகள் வந்தன. சந்தையும் பள்ளிக்கூடமும் வந்தன. அப்பா பஞ்சாயத்துத் தலைவரானார். கூடவே பழைய வழக்கமும் வந்து சேர்ந்தது. சேரிப் பெண்கள் தள்ளி நின்று குடத்தை நீட்ட வேண்டும். மற்றவர்கள் மனம் வைத்து இறைத்து ஊற்ற வேண்டும். அப்பா அதைப் பார்த்தும் பேசாமல்தான் இருந்தார்.

மழை பொய்த்த ஒரு கோடையில், அவரோடு பாறை உடைத்தவர்களில் மூத்தவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தண்ணீருக்குக் காத்திருந்த அவருடைய மருமகள், நிறைமாதக்காரி, வெயிலில் மயங்கி விழுந்திருந்தாள்.

"பாறைய ஒடைக்கறப்ப எங்க கை ஆகாமப் போகலீங்களே, சாமி" என்றார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பஞ்சாயத்தைக் கூட்டி, கிணறு எல்லோருக்கும் பொது என்று அறிவித்தார்.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிணறு பொது என்ற பேச்சைத் திரும்பப் பெற்றால்தான் பெண்ணெடுப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அம்மா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஊருக்குப் பெரியவரா இருங்க, வேண்டாங்கல. அதுக்கு நம்ம புள்ள கழுத்து வெறுங்கழுத்தா நிக்கோணுமா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அம்மிணி. நீ வேண்டாம்னா..."

அந்த மாப்பிள்ளையை நான் பார்த்திருந்தேன். பிடித்தும் இருந்தது. "சொன்னத மாத்தாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

மறுநாள் காலை ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. சேரிப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். ஆனால் கிட்டே வரவில்லை. அப்பா அழைத்தும் யாரும் அசையவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். அழுது வீங்கிய முகம். கிணற்றுக் கயிற்றை எடுத்து அந்த மூத்தவரின் மனைவி கையில் வைத்தாள்.

"எறைச்சுக்க சாமி. பாத்து, கல்லு வழுக்கும்."

என் கல்யாணம் வெகுகாலம் தள்ளிப்போனது. நடந்தபோது சொந்தத்தில் யாரும் வரவில்லை. முதல் பந்தியில் அந்தப் பெண்களை உட்காரவைத்து அம்மாவே பரிமாறினாள். அப்பா எச்சில் இலை எடுத்தார்.