'எழுதுங்க' என்றாள் என் மனைவி

என் கையெழுத்து மோசம், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இலங்கை மலையகத்தில், லுணுகலையில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிறேன்.

பழைய டிவி ஒன்றை வைத்து ஒரு சின்னக் கணினி செய்தேன். அந்தக் காலத்து 'பேசிக்' (BASIC) கணினி மொழியைப் போல, தமிழிலேயே கட்டளையிட ஒரு மொழியும் எழுதினேன். பல வருடத் தூக்கம் அதில் போனது. வெட்கத்தில் யாரிடமும் காட்டாமல், முதலில் என் மனைவியைத்தான் கூப்பிட்டேன்.

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அலுப்போடு வந்திருந்தாள். "'எழுது'ன்னு அடிச்சு ஒன் பேரப் போடு. அது காட்டும்" என்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். திரையில் 'தப்பு' என்று வந்தது. திரும்ப அடித்தாள். திரும்பவும் 'தப்பு'.

குனிந்து பார்த்தேன். 'எழுதுங்க' என்று அடித்திருந்தாள்.

"'எழுது'ன்னுதான் சொல்லணும் புள்ள."

"மொதமொத பேசுறப்ப எப்படிங்க அப்படி வெரட்டுறது? மலையிலதான் அது தப்பு இது தப்புன்னு கங்காணி ஏசுறாரு. ஒங்க பொட்டியுமா?"

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாள் முழுதும் தனக்குக் கிடைக்காத மரியாதையை அவள் ஒரு பெட்டிக்குக் கொடுத்தாள். அதைத் தப்பு என்று சொல்லவைத்தவன் நான்.

இப்போது 'எழுதுங்க' என்றாலும் கணினி எழுதும். புரியாவிட்டால், 'எனக்கு விளங்கல' என்று சொல்லும். அவள் இன்னும் வந்து பார்க்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இன்று பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை. மலையில் வேலை இல்லாததால் அவள் தூங்குகிறாள். அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.